போக்கு உறுதியாகாத வயிற்றறைக் கட்டிகள்: கண்டறிதல் முதல் குறியிடல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வைத்தியசாலையிலிருந்து ஒரு நோய்நிர்ணய அட்டை தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்தால், அதை முதலில் வாசிப்பது பெரும்பாலும் அந்த வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளைதான். அட்டை ஆங்கிலத்தில் இருக்கும். "போக்கு உறுதியாகாத கட்டி" என்று பொருள்படும் சொற்கள் அதில் இருந்தால், "டொக்டருக்கே என்னவென்று தெரியவில்லையாம்" என்று ஒரு வீட்டில் சொல்வார்கள். "கென்சராம், மறைத்து எழுதியிருக்கிறார்கள்" என்று இன்னொரு வீட்டில் அழுவார்கள். முதல் வீட்டார் கிளினிக்குக்குத் திரும்பி வருவதில்லை. இரண்டாம் வீட்டார் நகையை அடகு வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போகிறார்கள். மலையகத்து வைத்தியசாலையொன்றின் மருத்துவப் பதிவுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்த எனக்கு இந்த இரண்டு வீடுகளும் நன்றாகத் தெரியும். இவ்வழிகாட்டியை வார்ட்டிலும் கிளினிக்கிலும் பதிவுப் பிரிவிலும் பணியாற்றும் தமிழ் பேசும் சக உத்தியோகத்தர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்; நோயாளியின் பிள்ளைகளும் வாசிக்கலாம். சிகிச்சை பற்றிய முடிவு எப்போதும் நோயாளியைப் பார்க்கும் வைத்தியருடையது.

சொல்லின் பொருள்

ஒரு கட்டியின் போக்கு உறுதியாகவில்லை என்று சொல்லக்கூடியவர் நோயியல் நிபுணர் ஒருவரே. வெட்டியெடுத்த திசுவை நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகு, இது சாதுவான கட்டிக்குரிய ஒழுங்கை மீறியிருக்கிறது, ஆனால் புற்றுநோய் என்று சொல்வதற்கு வேண்டிய ஊடுருவலோ கலப்பிரிவு வேகமோ இதில் இல்லை, பிற்காலத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இன்றைய தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது என்று அவர் எழுதும்போதுதான் இந்தப் பெயர் பிறக்கிறது. ஆகவே இது சோதனை முடிந்த பின் கிடைக்கும் ஒரு முடிவு. ஸ்கேனில் ஒரு நிழல் தெரிந்து, திசு இன்னும் எடுக்கப்படாமலிருக்கும் நிலை இதிலிருந்து முற்றிலும் வேறானது. அங்கே போக்கு இன்னும் அறியப்படவே இல்லை. நான் பார்த்த குறியீட்டுப் பிழைகளில் பெரும்பங்கு இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் வந்தவை.

படி 1: கேட்டறிதலும் தொட்டுப் பார்த்தலும்

கொழுந்து பறிக்கும் பெண்கள் வயிறு பெருத்ததை நாட்கணக்கில் சொல்வது அரிது. இடுப்பில் கட்டும் படங்கு முன்பு இரண்டு சுற்று வந்தது, இப்போது எட்டவில்லை என்று சொல்வார்கள். அது மிகப் பயனுள்ள தகவல். எந்தப் பருவத்திலிருந்து எட்டவில்லை என்று கேட்டால் வளர்ச்சியின் வேகம் கிடைத்துவிடும். இதோடு எடை குறைந்ததா, சாப்பிட்டவுடன் வயிறு நிரம்பிவிடுகிறதா, மலம் கருத்துப் போகிறதா, கண் மஞ்சளாகிறதா, மாதவிடாய் நின்றுவிட்டதா, நின்றபின் இரத்தம் பட்டதா, குடும்பத்தில் குடல், சூலகம், மார்பகம் ஆகியவற்றில் புற்றுநோய் வந்தவர்கள் உண்டா என்பவற்றையும் எழுத வேண்டும். ஆண்களிடம் மதுப் பழக்கத்தைக் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும், ஏனெனில் சுருங்கிய ஈரலில் தோன்றும் கட்டிக்கு வேறு பாதை உண்டு. விதைகள் இரண்டும் பையில் இறங்கியுள்ளனவா என்று பார்க்கவும் தவறக்கூடாது; இறங்காத விதையில் தோன்றும் கட்டி வயிற்றுக்குள் பெரிதாக வளர்ந்த பிறகே தென்படக்கூடும்.

கட்டியல்லாத கட்டிகளை முதலில் விலக்க வேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பை, கர்ப்பம், வீங்கிய மண்ணீரல், குடலிறக்கம், சீழ்க்கட்டி, குடலில் தேங்கிய மலம் ஆகிய எல்லாமே கைக்குக் கட்டியாகத் தெரியும். பிள்ளை பெறும் வயதிலுள்ள எந்தப் பெண்ணுக்கும் கர்ப்பப் பரிசோதனை செய்யாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது.

படி 2: படங்கள்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் முதல் வாசல். ஆதார வைத்தியசாலை மட்டத்திலேயே அது கிடைக்கும், கதிர்வீச்சு இல்லை. கட்டி திண்மமா, நீர் நிறைந்ததா, எந்த உறுப்பைச் சேர்ந்தது, வயிற்றில் நீர் கோத்துள்ளதா என்ற கேள்விகளுக்கு அது பதில் தரும். சூலகக் கட்டியானால் பல அறைகள், திண்மப் பகுதி, இருபக்கக் கட்டி, வயிற்று நீர், பிற இடங்களில் படிவு ஆகிய ஐந்தில் எத்தனை இருக்கின்றன என்பதை அறிக்கையில் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த படியில் அந்த எண்ணிக்கை தேவைப்படும்.

மாற்றுச்சாயம் ஏற்றிய சி.ரி. ஸ்கேன் கட்டியின் எல்லையையும் இரத்தக்குழாய்களுடன் அதற்குள்ள உறவையும் காட்டும். சாயம் ஏற்றுவதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியட்டினின் அளவைப் பார்க்க வேண்டும். நீரிழிவுக்கு மெட்ஃபோமின் குடிப்பவரானால் அதைக் கதிரியக்கப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். சுருங்கிய (சிரோசிஸ் நோயுள்ள) ஈரலில் உள்ள கட்டி தமனிக் கட்டத்தில் பளிச்சென்று ஒளிர்ந்து, பின் கட்டங்களில் சுற்றியுள்ள ஈரலைவிட மங்கினால், திசு எடுக்காமலேயே ஈரற் புற்றுநோய் என்று நிர்ணயிக்கலாம். அத்தகைய நோயாளியின் அட்டையில் "உறுதியாகாத" என்ற சொல்லுக்கு இடமே இல்லை. சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பியில் தற்செயலாகத் தெரியும் முடிச்சு ஒரே சீராகவும், சாயம் ஏற்றாத சி.ரி. படத்தில் அதன் அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அது சாதுவானது. கணையத்து நீர்க்கட்டிக்கும் டெஸ்மொயிட் எனப்படும் நார்க்கட்டிக்கும் எம்.ஆர்.ஐ. சிறந்தது. கணைய நீர்க்கட்டி 3 செ.மீ.ஐ எட்டினாலோ பிரதான கணையக் குழாய் 5 மி.மீ.ஐ எட்டினாலோ கவலைக்குரியது; குழாய் 10 மி.மீ. ஆனாலோ, சாயம் ஏறும் முடிச்சு 5 மி.மீ. இருந்தாலோ, மஞ்சள்காமாலை வந்தாலோ சத்திரசிகிச்சை நிபுணரைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டும்.

படி 3: இரத்தப் பரிசோதனைகள்

கட்டி இருந்தால் இரத்தத்தில் ஏறக்கூடிய பொருட்களான கட்டிக் குறிகாட்டிகள் எவையும் தனியே நின்று நோயைச் சொல்வதில்லை. சிஏ 125 அளவு 35ஐத் தாண்டியவுடன் சூலகப் புற்றுநோய் என்று பதறும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மாதவிடாய், கருப்பையின் உட்படை வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், ஈரல் நோய், வயிற்றறைக் காசநோய் ஆகிய எல்லாவற்றிலும் அது ஏறும். வயிற்றறைக் காசநோய் குறிப்பாக நினைவில் இருக்க வேண்டும்: எடை குறைவு, வயிற்று நீர், உயர்ந்த சிஏ 125 என்று அது புற்றுநோயின் வேடத்தை முழுமையாகப் போட்டுக்கொண்டு வரும், மாத்திரையால் குணமாகும்.

சூலகக் கட்டிக்கு ஆபத்துச் சுட்டெண் ஒன்று கணிக்கப்படுகிறது. மேலே சொன்ன ஐந்து ஸ்கேன் அடையாளங்களில் எதுவும் இல்லையென்றால் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிடாய் தொடர்ந்தால் 1, நின்றிருந்தால் 3. இவ்விரண்டையும் சிஏ 125 அளவால் பெருக்க வேண்டும். மாதவிடாய் நின்ற 54 வயதுப் பெண்ணுக்குப் பல அறைகளும் திண்மப் பகுதியும் தெரிந்து, சிஏ 125 வெறும் 40 என்றிருந்தால், 3 × 3 × 40 = 360. 200ஐத் தாண்டினால் பெண்நோய்ப் புற்றுநோய் நிபுணரின் கவனத்துக்கு அனுப்புவது பரவலான வழக்கம். 40 என்ற எண்ணை மட்டும் பார்த்து "கொஞ்சந்தான் கூட" என்று திருப்பி அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை இக்கணக்கு காட்டும்.

குடல், குடல்வளரி, கணையம் ஆகியவற்றுக்குச் சிஇஏ மற்றும் சிஏ 19-9, ஈரலுக்கு ஏஎஃப்பி, இளைஞர்களின் பின்வயிற்றறைக் கட்டிக்கு ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச். அதிரீனலிலோ அதன் அருகிலோ உள்ள கட்டியாயின் மெட்டாநெஃப்ரின் அளவைப் பார்க்காமல் ஊசியோ கத்தியோ அருகே போகக்கூடாது. இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஹோர்மோனைச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியைத் தெரியாமல் தொட்டால் இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி மேசையிலேயே உயிர் போகக்கூடும்.

படி 4: திசு

எல்லாக் கட்டியிலும் ஊசி குத்துவதில்லை. முழுதாக அகற்றக்கூடிய, சந்தேகத்துக்குரிய சூலகக் கட்டியைக் குத்தினால் உள்ளே இருப்பது வயிற்றறைக்குள் சிந்தி நோயின் நிலையையே உயர்த்திவிடும். சளி நிறைந்து வீங்கிய குடல்வளரியும் அவ்வாறே. அது உடைந்தால் வயிறு முழுவதும் சளி படரும் நோய் ஆண்டுகள் கழித்து வரலாம். இவற்றை உடையாமல் முழுதாக எடுக்க வேண்டும். மாறாக, பின்வயிற்றறைத் திண்மக் கட்டிக்குப் படத்தின் வழிகாட்டலில் தடித்த ஊசியால் திசு எடுத்துப் பார்த்த பின்பே சத்திரசிகிச்சையைத் திட்டமிடுகிறார்கள். நிணநீர்ப் புற்றுநோய் என்ற ஐயம் இருந்தால் திசு எடுக்கும்வரை ஸ்டீரொய்ட் கொடுக்காமலிருக்க வேண்டும், ஏனெனில் அது திசுவின் தோற்றத்தைக் கலைத்துவிடும்.

இந்த இடத்தில் மலையகத்துக்கே உரிய ஓர் இடர் உண்டு. சிறிய வைத்தியசாலையில் எடுக்கப்படும் திசு பெரும்பாலும் வேறோர் ஊருக்குப் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் அந்தப் பயணம் நீளும். ஆகவே திசுவின் கன அளவைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு, திசுவைக் கெடாமல் காக்கும் போமலின் திரவம் இருக்க வேண்டும். பெரிய கட்டி வாய் குறுகிய போத்தலுக்குள் திணிக்கப்படக்கூடாது. பெயரும் கட்டில் இலக்கமும் மூடியில் இல்லாமல் போத்தலின் உடலில் ஒட்டப்பட வேண்டும். இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் முன்பு வேலை செய்த இடமொன்றில் இரண்டு மூடிகள் மாறி, ஒரு தாயின் அறிக்கை இன்னொரு தாயின் கோப்புக்குள் போயிற்று; அது பிடிபட்டது அடுத்த கிளினிக் நாளில்தான். கோரிக்கைப் படிவத்தில் வயது, உறுப்பு, ஸ்கேன் கண்டது, குறிகாட்டி அளவுகள், கட்டி முழுதாக வந்ததா உடைந்து வந்ததா என்பவை இருக்க வேண்டும். "வயிற்றுக் கட்டி" என்று மட்டும் எழுதி அனுப்பப்படும் படிவம் நோயியல் நிபுணரின் ஒரு கண்ணைக் கட்டிவிடுகிறது.

பெரிய கட்டியில் எத்தனை இடங்களில் வெட்டிப் பார்க்கப்பட்டது என்பதும் முக்கியம். சூலகக் கட்டியின் மிகப்பெரிய அளவில் ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு துண்டு, 10 செ.மீ.ஐத் தாண்டிய சளிச்சுரப்புக் கட்டியில் இரண்டு துண்டு என்பது பின்பற்றப்படும் அளவு. 20 செ.மீ. கட்டியில் நான்கே துண்டுகளைப் பார்த்துவிட்டு எழுதப்பட்ட முடிவைப் பற்றி மேலும் துண்டுகள் பார்க்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. சத்திரசிகிச்சை நடக்கும்போதே உறையவைத்துப் பார்க்கும் அவசர அறிக்கை இறுதி அறிக்கையுடன் மாறுபடலாம்; குறியீடு இறுதி அறிக்கைக்கே உரியது.

படி 5: அறிக்கையை வாசித்தல்

வயிற்றறையில் இப்பெயரைப் பெறும் கட்டிகள் பல. சூலகத்தின் எல்லைநிலைக் கட்டிகளில் மேற்படைக் கலங்கள் மிகையாகப் பெருகியிருக்கும், ஆனால் கீழுள்ள இழையத்துக்குள் ஊடுருவியிராது. குடல்வளரியின் தாழ்தரச் சளிச்சுரப்புக் கட்டி சுவரைத் தள்ளிக்கொண்டு போகும், துளைத்துக்கொண்டு போகாது. கருப்பையின் மென்தசைக் கட்டிகளில் சில, நார்க்கழலைக்கும் தசைப் புற்றுநோய்க்கும் இடையே நிற்கும். டெஸ்மொயிட் வேறிடத்துக்குப் பரவுவதே இல்லை, ஆனால் அருகிலுள்ள குடலையும் இரத்தக்குழாயையும் இறுக்கிப் பிடிக்கும். குடும்ப வழியாக வரும் குடற் பாலிப் நோயுள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும் என்பதால் பெருங்குடலையும் பார்க்க வேண்டும்.

இரைப்பை, குடல் ஆகியவற்றின் சுவரில் தோன்றும் ஜிஸ்ட் கட்டியில் அளவு, கலப்பிரிவு எண்ணிக்கை, இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஆபத்தைச் சொல்கின்றன. 5 முதல் 10 செ.மீ. வரையுள்ள, கலப்பிரிவு குறைந்த கட்டி இரைப்பையில் இருந்தால் அது தீவிரமாகும் வாய்ப்பு ஏறத்தாழ 3.6 சதவீதம், அதே கட்டி சிறுகுடலில் இருந்தால் 24 சதவீதம். அறிக்கையில் இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்த வேறுபாடு முழுவதும் தொலைந்துபோகிறது.

படி 6: கண்காணிப்பு

கண்காணிப்பின் கால இடைவெளியை நிபுணர் தீர்மானிப்பார். சூலக எல்லைநிலைக் கட்டி 10 ஆண்டுகளுக்குப் பின்னும் திரும்பி வந்ததுண்டு; ஆகவே ஐந்தாண்டு முடிந்தது, இனி வரவேண்டாம் என்று யாரும் தாமாக முடிவு செய்யக்கூடாது. டெஸ்மொயிட்டில் உடனே வெட்டாமல் பார்த்திருப்பதே இப்போது முதல் வழி: முதல் எம்.ஆர்.ஐ. ஓரிரு மாதத்தில், பின்பு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. ஆபத்துக் கூடிய ஜிஸ்டுக்கு இமாட்டினிப் மாத்திரையுடன் சி.ரி. ஸ்கேன் தொடரும். குடல்வளரிச் சளிக்கட்டி சுவருக்குள் அடங்கி முழுதாக அகற்றப்பட்டிருந்தால் திரும்பும் வாய்ப்பு குறைவு. வெளியே சளி இருந்திருந்தால் படங்களும் சிஇஏ, சிஏ 19-9, சிஏ 125 அளவுகளும் தொடர வேண்டும்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது ஒப்பீட்டைப் பற்றியது. ஒரு கட்டி 3.0, 3.4, 3.8, 4.3 செ.மீ. என்று நான்கு ஸ்கேன்களில் அளக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் அதற்கு முந்தியதோடு மட்டும் ஒப்பிட்டால் வேறுபாடு 4 அல்லது 5 மி.மீ.; அளவீட்டுப் பிழையாகவும் இருக்கலாம் என்று மூன்று முறையும் "பெரிய மாற்றமில்லை" என்று எழுதப்படும். முதல் அளவோடு ஒப்பிட்டால் 43 சதவீத வளர்ச்சி. ஆகவே முதல் படத்தின் அளவு கிளினிக் புத்தகத்தின் முதற்பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். முடிந்தவரை ஒரே வகை ஸ்கேனால், மூன்று திசைகளிலும் அளக்கப்பட வேண்டும். ஒருமுறை அல்ட்ராசவுண்ட், மறுமுறை சி.ரி. என்று மாற்றி எடுத்த அளவுகளை ஒப்பிட்டு வளர்ந்தது என்றோ சுருங்கியது என்றோ சொல்ல முடியாது.

நாட்கூலிக்காரர் ஒருவர் கிளினிக்குக்கு வருவதென்றால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலிக்கான பதிவு, போய்விடும். காலையில் கொஞ்சம் பறித்துவிட்டு வந்தால் அரைப்பேர். மஸ்கெலியாவிலிருந்து கண்டிக்கு வருபவர் விடியுமுன் பஸ் ஏற வேண்டும். ஸ்கேன் ஒரு நாள், இரத்தம் ஒரு நாள், கிளினிக் ஒரு நாள் என்று மூன்று தேதி கொடுத்தால் மூன்று நாள் பேர் போகும், மூன்றாவது தேதிக்கு அவர் வரமாட்டார். மூன்றையும் ஒரே நாளில் வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்ப்பது எழுதுவினைஞரின் கையில் இருக்கிறது. கேட்டால் பெரும்பாலும் முடிகிறது. திடீர்க் கடும் வலி, நிற்காத வாந்தி, காற்றும் மலமும் போகாமை, கறுப்பு மலம், கண் மஞ்சளாதல், வயிறு விரைவாகப் பெருத்தல் ஆகியவற்றில் ஏதாவது வந்தால் தேதிக்குக் காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதையும் அவருடைய மொழியில் சொல்ல வேண்டும்.

படி 7: குறியிடல்

இலங்கை அரச வைத்தியசாலைகளின் உள்நோயாளர் புள்ளிவிவரங்கள் உலகச் சுகாதார நிறுவனத்தின் சர்வதேச நோய் வகைப்பாடான ஐசிடி-10 குறியீட்டின்படி தொகுக்கப்படுகின்றன. முதலில் கேட்க வேண்டிய கேள்வி: திசு அறிக்கை இருக்கிறதா? இல்லையென்றால், வைத்தியர் "வயிற்றில் கட்டி" என்று மட்டும் எழுதியிருந்தால், அது ஆர்19.0 (R19.0). ஈரல், பித்தக்குழாய், செரிமானப் பாதை, சிறுநீர் உறுப்புகள் அல்லாத வயிற்றுப் பகுதியில் ஸ்கேனில் மாத்திரம் மாறுதல் கண்டிருந்தால் ஆர்93.5. புற்றுநோய் ஐயத்தில் அவதானித்து, அது விலக்கப்பட்டிருந்தால் இசட்03.1. "கட்டி" என்ற சொல்லைக் கண்டவுடன் திசு அறிக்கையுள்ள கட்டிகளுக்குரிய டி (D) வரிசைக்குப் பாய்வது மிகப் பழைய பிழை.

அறிக்கை வந்து, போக்கு உறுதியாகவில்லை என்று அதில் எழுதியிருந்தால் உறுப்பைப் பார்க்க வேண்டும். இரைப்பை டி37.1, சிறுகுடல் டி37.2, குடல்வளரி டி37.3, பெருங்குடல் டி37.4, நேர்குடல் டி37.5, ஈரலும் பித்தப்பையும் பித்தக்குழாயும் டி37.6, கணையம் டி37.7. கருப்பை டி39.0, சூலகம் டி39.1, சிறுநீரகம் டி41.0, அதிரீனல் டி44.1. பின்வயிற்றறை டி48.3, வயிற்றறை உட்சவ்வு டி48.4. வயிற்றுச் சுவரின் டெஸ்மொயிட் தொடுப்பிழையத்தைச் சேர்ந்ததால் டி48.1. உறுப்பே தெரியாமல் "வயிறு" என்று மட்டும் இருந்தால் டி48.7, ஆனால் அதை எழுதுமுன் சத்திரசிகிச்சைக் குறிப்பைப் புரட்டிப் பாருங்கள், உறுப்பின் பெயர் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

வெளிநாட்டுக் காப்புறுதிப் படிவங்களிலும் இணையப் பட்டியல்களிலும் டி49 என்ற குறியீடு காணப்படும். அது அமெரிக்கத் திருத்தப் பதிப்புக்கு உரியது. போக்கு குறிப்பிடப்படாத கட்டிக்கு அங்கே தனி இடம் உண்டு. உலகப் பதிப்பில் டி49 இல்லை. டி37 முதல் டி48 வரையுள்ள தொகுதியே உறுதியாகாததையும் அறியப்படாததையும் சேர்த்து ஏந்துகிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 இவ்விரண்டையும் பிரித்து, உறுதியாகாதவற்றை 2எஃப்70இலும் அறியப்படாதவற்றை 2எஃப்90இலும் தொடங்குகிறது.

புற்றுநோய்ப் பதிவேட்டுக்கான ஐசிடி-ஓ குறியீட்டில் சாய்கோட்டுக்குப் பின் வரும் இலக்கம் போக்கைச் சொல்லும்: 0 சாதுவானது, 1 உறுதியாகாதது, 2 இடத்திலேயே அடங்கிய புற்று, 3 புற்றுநோய். எல்லைநிலைச் சூலகக் கட்டிகள் இரண்டாம் பதிப்பில் 3 ஆக இருந்து, 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் 1 ஆயின. ஜிஸ்ட் எதிர்த்திசையில் சென்றது. முன்பு 0, 1, 3 என மூன்றாகப் பிரிந்திருந்தது, 3.2 பதிப்பில் அனைத்தும் 8936/3. எனவே மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்திருக்கும் பழைய பட்டியலை நம்பிக் குறியிடக்கூடாது.

கண்காணிப்புக்கு வருபவரின் கட்டி உடலில் இருக்கும்வரை கட்டியின் குறியீடே தொடரும். முழுதாக அகற்றப்பட்டு, பரிசோதனையில் எதுவும் காணப்படாவிட்டால் இசட்09, உடன் இசட்86.0. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின்னுள்ள இசட்08, இசட்85 ஆகியவற்றை இங்கே இட்டால் வராத நோய் அவருடைய பதிவில் வந்ததாகிவிடும்.

நோயாளி வீட்டுக்குப் போய் வாரங்கள் கழித்தே திசு அறிக்கை வரும். அதற்குள் கட்டில் தலைச்சீட்டு பதிவறையில் ஆர்19.0 என்ற குறியோடு உறங்கிவிடும். இதற்காக நான் ஒரு கொப்பி வைத்திருந்தேன்: திசு அனுப்பிய தேதி, கட்டில் இலக்கம், ஆய்வுகூட இலக்கம், அறிக்கை வந்த தேதி, திருத்திய குறியீடு என ஐந்து நிரல்கள். நான்காவது நிரல் வெறுமையாக இருப்பவற்றைத் திங்கட்கிழமை தோறும் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசியில் கேட்பேன். அறிக்கை வந்ததும் சீட்டைத் திரும்ப எடுத்துக் குறியீட்டைத் திருத்துவதோடு, வைத்தியரின் ஒப்புதலுடன் நோயாளியின் கிளினிக் புத்தகத்தில் தமிழில் நான்கு வரி எழுதிக் கொடுப்பேன்: "சூலகத்துக் கட்டி முழுதாக எடுக்கப்பட்டது. திசுவில் புற்றுநோய் காணப்படவில்லை. ஆனால் திரும்ப வரக்கூடிய வகை, ஆகவே சுகமாக இருந்தாலும் கிளினிக்குக்கு வர வேண்டும். வரும்போது பழைய ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் கொண்டுவரவும்."